வாசகர் கேள்வி – பதில்: பழைய விளையாட்டு, புதிய கன்சோல்

பள்ளி விடுமுறை நெருங்கும்போது கன்சோல் (தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கருவி) வாங்குவது குறித்த கடிதங்கள் வருவது வழக்கம். இம்முறை வந்தவற்றுள் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன: ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகள் புதிய கருவியில் ஓடுமா, ஓடாதா? ஆகவே இந்த இதழின் பக்கங்களை அந்தக் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: வணக்கம் ஐயா. என் கணவர் திருமணத்திற்கு முன்பிருந்தே சேர்த்துவைத்த பிளேஸ்டேஷன் டிஸ்குகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றுடன் ஒரு பிளேஸ்டேஷன் 2, ஒரு பிளேஸ்டேஷன் 3 ஆகியவையும் உள்ளன. எஸ்பிஎம் தேர்வு முடிந்ததும் மகனுக்குப் பிளேஸ்டேஷன் 5 வாங்கித் தருவதாக வாக்களித்திருக்கிறோம். கடையில் விசாரித்தபோது, “பழைய டிஸ்க் எல்லாம் அதிலேயே ஓடும்” என்றார்கள். அப்படியானால் பழைய கன்சோல்களை விற்றுவிடலாமா?
– ஒரு வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சகோதரி, தயவுசெய்து விற்க வேண்டாம். கடையில் சொன்னது பிளேஸ்டேஷன் 4 டிஸ்குகளுக்குப் பொருந்தும். உங்கள் கணவரின் பெட்டியில் இருப்பவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது.

முதலில் டிஸ்குகளைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கறுப்பாக இருப்பவை முதலாம் பிளேஸ்டேஷனுக்கு உரியவை. அவை சிடி வகை. வெள்ளி நிறத்தில் இருப்பவை பெரும்பாலும் பிளேஸ்டேஷன் 2க்கு உரிய டிவிடிகள்; அடிப்பக்கம் நீலமாக இருப்பவை அதே பிளேஸ்டேஷன் 2க்காகச் சிடியில் வெளிவந்தவை. பிளேஸ்டேஷன் 3, 4, 5 மூன்றும் புளூ-ரே டிஸ்குகளைப் பயன்படுத்துவதால், அவற்றை மேற்பக்க அச்சைப் படித்துத்தான் பிரிக்க முடியும். இவற்றுள் பிளேஸ்டேஷன் 5 ஏற்றுக்கொள்வது 4க்கும் 5க்கும் உரியவற்றை மட்டுமே. கறுப்பு டிஸ்குகளைப் பொறுத்தவரை, பிளேஸ்டேஷன் 5இன் டிஸ்க் டிரைவ் சிடி வகையையே படிப்பதில்லை என்பதால் அங்கே பேச்சுக்கே இடமில்லை.

சோனி என்ற ஒரே நிறுவனத்தின் கருவிகளுக்குள் ஏன் இப்படி என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். 2000ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் 2 வெளிவந்தபோது, முதலாம் பிளேஸ்டேஷனின் மையச் செயலியை அதன் உள்ளேயே வைத்திருந்தார்கள். புதிய விளையாட்டு ஓடும்போது உள்ளீட்டையும் வெளியீட்டையும் கவனித்துக்கொண்ட அந்தச் சில்லு, பழைய டிஸ்கைப் போட்டதும் தன் பழைய வேலைக்குத் திரும்பிவிடும். 2006 நவம்பரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் வந்த முதல் பிளேஸ்டேஷன் 3 கருவிகளிலும் அவ்வாறே பிளேஸ்டேஷன் 2இன் செயலியும் வரைகலைச் சில்லும் சேர்ந்தே இருந்தன. ஆனால் அது செலவு மிகுந்த வழி. 2007 மார்ச்சில் ஐரோப்பாவுக்கு அனுப்பிய கருவிகளில் செயலியை எடுத்துவிட்டு வரைகலைச் சில்லை மட்டும் விட்டார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த 40 ஜிகாபைட் கருவியில் அதுவும் போய்விட்டது. பின்னர் 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது, பிளேஸ்டேஷன் 3இன் ‘செல்’ செயலியை முற்றாகக் கைவிட்டு, கணினிகளில் உள்ளதைப் போன்ற ஏஎம்டி செயலிக்கு மாறினார்கள். அந்த இடத்தில்தான் தொடர்பு அறுந்தது. பிளேஸ்டேஷன் 5உம் அதே ஏஎம்டி வழியில் வந்ததால், 4,000க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளுள் 99 விழுக்காட்டுக்கும் அதிகமானவை அதில் ஓடும் என்று சோனியால் அறிவிக்க முடிந்தது.

உங்கள் வீட்டு பிளேஸ்டேஷன் 3இன் முகப்பை ஒருமுறை பாருங்கள். யூஎஸ்பி துளைகள் நான்கு இருந்தால், அது பிளேஸ்டேஷன் 2 டிஸ்குகளையும் ஓட்டக்கூடிய தொடக்க காலக் கருவி. இரண்டே இருந்தால், பிளேஸ்டேஷன் 2 டிஸ்குகள் ஓடமாட்டா. முதலாம் பிளேஸ்டேஷனின் கறுப்பு டிஸ்குகள் மட்டும் ஓடும். எந்த வகையாக இருந்தாலும் அதை வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் பிளேஸ்டேஷன் 3 டிஸ்குகளைப் படிக்க அதைத் தவிர வேறு கன்சோல் இல்லை. அக்காலத்தில் பலர் மோட் சிப் (நகல் தடுப்பை ஏமாற்றும் சில்லு) பொருத்தி ஓட்டிய நகல் டிஸ்குகள் உங்கள் பெட்டியில் கலந்திருந்தால், அவற்றை வேறு எந்தக் கருவியும் ஏற்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிளேஸ்டேஷன் 5இன் டிஜிட்டல் பதிப்பில் டிஸ்க் டிரைவ் கிடையாது. 2024இல் வந்த புரோ பதிப்பிலும் அது தனியாக வாங்கிப் பொருத்த வேண்டியதே. 2023 முதல் விற்கப்படும் மெலிந்த வடிவத்துக்கான கழற்றக்கூடிய டிரைவை முதன்முறை பொருத்தும்போது இணைய இணைப்பு தேவைப்படும். உங்களிடம் பிளேஸ்டேஷன் 4 டிஸ்குகள் இருந்தால், விலை குறைவு என்பதற்காக டிரைவ் இல்லாத பதிப்பைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்குகள் ஏராளமாக உள்ளன. எக்ஸ்பாக்ஸ் பழையவற்றை ஓட்டுவதில் சிறந்தது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். விலை குறைந்த சீரிஸ் எஸ் வாங்கலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: நண்பர்கள் சொன்னது உண்மை. ஆனால் சீரிஸ் எஸ் உங்களுக்கு உதவாது. அதில் டிஸ்க் போட இடமே இல்லை. டிரைவ் உள்ள சீரிஸ் எக்ஸ் அல்லது டிரைவ் உள்ள எக்ஸ்பாக்ஸ் ஒன் தான் உங்களுக்கு வேண்டும்.

இந்த விஷயத்தில் எக்ஸ்பாக்ஸைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் செய்த வேலையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 360இன் செயலியும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் செயலியும் அடிப்படையிலேயே வேறுபட்டவை. இருந்தும் பழைய சில்லைத் திணிக்காமல், 360 கருவியையே மென்பொருளாக எழுதி, அதற்குள் விளையாட்டை ஓட்டும் வழியை 2015 நவம்பரில் நடைமுறைப்படுத்தினார்கள்; 2017 அக்டோபரில் முதலாம் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளையும் சேர்த்தார்கள். நீங்கள் டிஸ்கைப் போடும்போது கருவி அதிலிருந்து விளையாட்டை ஓட்டுவதில்லை. எந்த விளையாட்டு என்று அடையாளம் கண்டுகொண்டு, புதிய கருவிக்காகப் பொதியப்பட்ட பிரதியை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறது. அதன்பின் ஒவ்வொரு முறை விளையாடும்போதும் உரிமைச் சான்றாக டிஸ்க் உள்ளே இருக்க வேண்டும். ஆகையால் கீறல் விழுந்து 360இல் நடுவே நின்றுபோகும் டிஸ்க்கூட, அடையாளம் தெரியும் அளவுக்குப் படிக்கப்பட்டால் இங்கே சிக்கலின்றி ஓடக்கூடும். வீட்டில் இணையம் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது.

எல்லா விளையாட்டும் பட்டியலில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அதை வெளியிட்ட நிறுவனத்தின் சம்மதம் வேண்டும். உள்ளே ஒலிக்கும் பாடல்களுக்கும் ஓடும் கார்களுக்கும் பெற்ற உரிமம் காலாவதியாகியிருந்தால் வழி அடைபட்டுவிடும். 2021 நவம்பரில் 70க்கும் மேற்பட்டவற்றைச் சேர்த்தபோது, சட்டம், உரிமம், தொழில்நுட்பம் ஆகியவற்றின் எல்லையை எட்டிவிட்டதாக அந்நிறுவனமே அறிவித்தது. எனவே வாங்குவதற்கு முன் எக்ஸ்பாக்ஸ் இணையதளத்தில் உள்ள பட்டியலுடன் உங்கள் டிஸ்குகளை ஒப்பிட்டுப் பாருங்கள். உடலசைவைக் கவனிக்கும் கினெக்ட் கேமரா தேவைப்படும் 360 விளையாட்டுகளைத் தேடிப் பயனில்லை. பழைய 360 இன்னும் இயங்குமானால், சேமித்த ஆட்டங்களை அதிலிருந்து மேகச் சேமிப்பகத்தில் ஏற்றிவிடுங்கள். அதே கணக்கில் நுழைந்தால் புதிய கருவியில் அவை கிடைக்கும்.

கேள்வி: அண்ணன் தன் பிளேஸ்டேஷன் 4ஐ எனக்குக் கொடுத்துவிட்டு, புதிதாக வாங்கிய பிளேஸ்டேஷன் 5உடன் கிள்ளானுக்குக் குடிபோகிறார். அவர் பல ஆண்டுகள் ஆடிச் சேமித்ததெல்லாம் அழிந்துவிடுமா?
– கல்லூரி மாணவி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: அவர் கிளம்புவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கினால் எதுவும் அழியாது. இரண்டு கருவிகளிலும் அண்ணன் தன் கணக்கில் நுழைந்து, இரண்டையும் ஒரே வீட்டு இணையத்தில் இணைத்து, பிளேஸ்டேஷன் 5இன் அமைப்புகளில் உள்ள தரவு மாற்றும் பகுதியைத் திறந்தால், விளையாட்டுகளும் சேமிப்புகளும் அப்படியே நகலாகும். வைஃபையைவிடக் கேபிள் விரைவானது. கட்டணச் சந்தா இல்லாவிட்டாலும், சேமிப்புகளை மட்டும் யூஎஸ்பி பென்டிரைவில் எடுத்துச் செல்லலாம். பிளேஸ்டேஷன் 4இல் வெளிச் சேமிப்பாகப் பயன்படுத்திய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பிளேஸ்டேஷன் 5இல் செருகினாலே அதிலுள்ள விளையாட்டுகள் ஓடும்.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். பிளேஸ்டேஷன் 4 பதிப்பின் சேமிப்பு அதே பதிப்பில்தான் உறுதியாகத் திறக்கும். அதே விளையாட்டின் பிளேஸ்டேஷன் 5 பதிப்புக்கு மாறினால், சேமிப்பை ஏற்கும் வசதியை அந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் வைத்திருக்க வேண்டும். பழைய கண்ட்ரோலரை அண்ணன் எடுத்துச் செல்லத் தேவையில்லை. பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளை அதைக் கொண்டு ஆட முடியாது. உங்களுக்குத்தான் அது வேண்டும்.

கேள்வி: பழைய கன்சோலையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்வது எளிது. என் பிளேஸ்டேஷன் 2ஐப் புதிய 55 அங்குலத் தொலைக்காட்சியில் மாட்டினேன். படம் கலங்கலாகத் தெரிகிறது, பொத்தானை அழுத்திச் சற்றுக் கழித்துத்தான் கதாபாத்திரம் நகர்கிறது. டிஸ்குகளில் வெண்மையாகப் பூஞ்சையும் படிந்திருக்கிறது. என்ன செய்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: ஐயா, உங்கள் கருவியில் கோளாறு இல்லை. பிளேஸ்டேஷன் 2 பெரும்பாலும் 480 வரிகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை எனப் பிரித்து மாறி மாறி அனுப்பும் கருவி. குழாய்த் தொலைக்காட்சிக்கு அது பொருத்தமாக இருந்தது. இன்றைய தட்டைத் திரை அந்த இரண்டு பாதிகளையும் ஒன்றாகத் தைத்து, பெரிதாக்கி, மெருகேற்றிய பிறகே காட்டுகிறது. நீங்கள் உணரும் தாமதம் அந்தத் தையல் வேலைக்கு ஆகும் நேரம். தொலைக்காட்சியின் பட அமைப்புகளில் ‘கேம் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்; தேவையற்ற மெருகேற்றல்கள் நின்று தாமதம் வெகுவாகக் குறையும். பட அளவை 4:3க்கு மாற்றினால் இழுபட்ட முகங்களும் சரியாகும்.

அடுத்தது கேபிள். கருவியுடன் வந்த மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கேபிளில் படம் முழுவதும் அந்த ஒற்றை மஞ்சள் கம்பி வழியாகத்தான் வருகிறது. பச்சை, நீலம், சிவப்பு என்று படத்தை மூன்றாகப் பிரித்து அனுப்பும் காம்பொனென்ட் கேபிளுக்கு மாறினால் எழுத்துகள் தெளியும். உங்கள் தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ துளை மட்டுமே இருந்தால், கேபிளில் வரும் படத்தை எச்டிஎம்ஐக்கு மாற்றித் தரும் கருவி ஒன்று தேவை. பிராங்கின் மாலிலோ லோ யாட் பிளாசாவிலோ தேடும்போது, மஞ்சள் கம்பியை ஏற்பதை விட்டுவிட்டுக் காம்பொனென்டை ஏற்பதைக் கேளுங்கள். துப்பாக்கி வடிவக் கண்ட்ரோலர் வைத்திருந்தால் அதற்கு மட்டும் மருந்தில்லை. குழாய்த் தொலைக்காட்சியில் மின்னணுக் கற்றை திரையை வருடும் நேரத்தைக் கணக்கிட்டே அது குறியை அறிகிறது; தட்டைத் திரையில் அந்தக் கற்றையே இல்லை.

பூஞ்சைக்கு நம் ஊர்க் காற்றின் ஈரமே காரணம். வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் ஏற்படும் கீறல் தரவு எழுதப்பட்ட பாதையிலேயே நீண்டு கிடக்கும். குறுக்கே விழும் கீறலைக் கருவி பெரும்பாலும் சமாளித்துவிடும். சிடி வகை டிஸ்குகளில் அடிப்பக்கத்தைவிட மேற்பக்கமே ஆபத்தானது, ஏனெனில் ஒளியைத் திருப்பும் படலம் அச்சிட்ட மேற்பூச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே நகம் பட்டு உரிந்தாலும் தரவு போய்விடும். டிவிடியில் அந்தப் படலம் இரண்டு பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு இடையில் பாதுகாப்பாக உள்ளது. புளூ-ரேயிலோ அடிப்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே தரவு தொடங்கிவிடுவதால், கீறலைத் தேய்த்து அகற்றித் தருவதாகச் சொல்லும் கடைகளிடம் அதைக் கொடுக்கவே கூடாது. துடைத்துக் காய்ந்தபின் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் இறுக மூடும் பெட்டியில் வையுங்கள்.

உங்கள் கருவி ஜப்பானிலிருந்து தருவிக்கப்பட்டதாக இருந்தால், பின்புறச் சீட்டைப் படிக்காமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். அங்கே 100 வோல்ட், இங்கே 230. சீட்டில் 100 மட்டும் குறிக்கப்பட்டிருந்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2 வாங்கினால் ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜுகளும் மெமரி கார்டும் பயன்படுமா?
– வாசகர், செத்தாப்பாக், கோலாலம்பூர்

பதில்: கார்ட்ரிட்ஜுகள் பெரும்பாலும் பயன்படும், மெமரி கார்டு பயன்படாது. 2025 ஜூனில் வெளிவந்த ஸ்விட்ச் 2இல் விளையாட்டுகளைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகை அட்டை வேண்டும். பழைய ஸ்விட்சின் கழற்றக்கூடிய கண்ட்ரோலர்களான ஜாய்-கான்களைக் கம்பியில்லாமல் இணைக்கலாம், பக்கவாட்டில் பொருத்த முடியாது. வீட்டில் உடற்பயிற்சிக்காக ரிங் ஃபிட் வைத்திருப்போர் அந்த ஜாய்-கான்களைக் கொடுத்துவிட வேண்டாம். அதன் வளையத்தில் அவைதாம் பொருந்தும்.

கேள்வி: நான் டிஸ்க் வாங்கியதே இல்லை. பிளேஸ்டேஷன் 3இல் எல்லாவற்றையும் இணையக் கடையில்தான் வாங்கினேன். அவை பிளேஸ்டேஷன் 5க்கு வந்துவிடுமா?
– வாசகி, பாயான் பாரு, பினாங்கு

பதில்: பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுகள் வாரா. மலேசியாவில் 2022இல் அறிமுகமான பிளேஸ்டேஷன் பிளஸ் டீலக்ஸ் சந்தாவில் முதலாம், இரண்டாம் பிளேஸ்டேஷன்களின் விளையாட்டுகள் சில உண்டு. ஆனால் வேறு நாடுகளின் பிரீமியம் சந்தாவில் கிடைக்கும், பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுகளை இணையத்தின் வழியே ஓட்டும் வசதி அதில் சேர்க்கப்படவில்லை.

இணையத்தில் வாங்கியவற்றை நினைத்துத்தான் எனக்குக் கவலை அதிகம். 2021 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3 கடையை மூடப்போவதாகச் சோனி அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் அடுத்த மாதமே கைவிட்டது. நிண்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ ஆகிய கருவிகளுக்கான கடைகள் 2023 மார்ச்சிலும், எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையிலும் மூடப்பட்டன. கடை மூடிய பின்பும் ஏற்கெனவே வாங்கியவற்றை மீண்டும் இறக்கிக்கொள்ள அனுமதிப்பது அந்நிறுவனங்களின் விருப்பம் நீடிக்கும்வரைதான். ஆகவே கொள்முதல் பட்டியலைத் திறந்து, உங்களுக்கு முக்கியமானவை அனைத்தையும் இப்போதே பிளேஸ்டேஷன் 3இன் ஹார்ட் டிஸ்கில் இறக்கிவையுங்கள். அந்த ஹார்ட் டிஸ்க் தொடக்கத்திலிருந்தே இருப்பதானால், அது பழுதாகும்வரை காத்திராமல் முதலில் புதியதை மாற்றிவிடுங்கள். மடிக்கணினிகளில் பயன்படும் 2.5 அங்குல சாட்டா வகையே அதற்குப் போதும். இடம் போதாவிட்டால், டிஸ்காக வெளிவராமல் இணையத்தில் மட்டுமே விற்கப்பட்டவற்றுக்கு முதலிடம் கொடுங்கள். மற்றவற்றைப் பழைய டிஸ்காகப் பின்னர் தேடி வாங்கிக்கொள்ள முடியும்.