விழுந்து விழுந்து சிரிக்கும்போது கால்கள் ஏன் துவள்கின்றன?

கேள்வி: அடக்க முடியாமல் சிரிக்கத் தொடங்கினால் எனக்கு மூச்சு முட்டுகிறது, கால்களில் வலுவில்லாமல் போய், எதையாவது பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிகிறது. இது நோயின் அறிகுறியா?

பதில்: நீங்கள் சொல்லும் அளவில், பெரும்பாலும் இல்லை. சிரிப்பை முகத்தின் வேலையாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். உண்மையில் அதில் பெரும்பங்கு மூச்சின் வேலை. பேசும்போது ஒரே சீரான வெளிமூச்சில் பல சொற்களைச் சொல்லிவிடுகிறோம். சிரிக்கும்போதோ வயிற்றுத் தசைகளும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் உதரவிதானமும் சேர்ந்து அந்த வெளிமூச்சைத் துண்டு துண்டாக வெளியே தள்ளுகின்றன. ஒவ்வொரு 'ஹா'வும் ஏறத்தாழ 75 மில்லிநொடி நீடிப்பதையும், ஒன்று தொடங்கி அடுத்தது தொடங்குவதற்கு ஏறத்தாழ 210 மில்லிநொடி ஆவதையும் அமெரிக்க நரம்பியல் அறிஞர் ராபர்ட் புரோவைன் அளந்து காட்டினார். இடையில் காற்றை உள்ளிழுக்க வாய்ப்பில்லாததோடு, வழக்கமாக நுரையீரலில் எஞ்சியிருக்கும் காற்றிலும் ஒரு பகுதி வெளியேறிவிடுவதால்தான் மூச்சு முட்டுகிறது. வயிறு வலிப்பதும் அத்தசைகளின் உழைப்பினால்தான்.

கால்கள் துவள்வதற்குக் காரணம் வேறு. முழங்காலின் பின்புறம் செல்லும் நரம்பை மின்சாரத்தால் மெல்லத் தூண்டினால் கெண்டைக்கால் தசை அனிச்சையாகச் சுருங்கும். மனம்விட்டுச் சிரிக்கும் வேளையில் இந்த அனிச்சைச் செயல் தணிந்துவிடுவதை 1999-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது, தசைகளை இயக்கும் தண்டுவட நரம்பணுக்களின் கிளர்ச்சி அப்போது சற்று நேரம் குறைகிறது. 'விழுந்து விழுந்து சிரித்தான்' என்று முதலில் சொன்னவர் யாரோ, கருவி எதுவுமின்றியே இதைக் கவனித்திருக்கிறார்!

எனினும், சிரிக்கும்போது முழங்கால் மடங்கி உண்மையாகவே விழுந்துவிடுவது, தாடை தொங்குவது, பேச்சு குழறுவது ஆகியவை நினைவு தப்பாத நிலையிலேயே திரும்பத் திரும்ப நேர்ந்து, பகலில் அடக்க முடியாத தூக்கமும் வந்தால், அது கேட்டாப்பிளெக்சியாக இருக்கலாம். விழிப்பைக் காக்கும் ஹைப்போகிரெட்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை அணுக்கள் அழிவதால் உண்டாகும் நார்கோலெப்சி என்னும் தூக்கக் கோளாறின் கூறு அது. நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நினைவு தப்பி விழுந்தால் கதை வேறு: நெஞ்சறைக்குள் அழுத்தம் உயர்ந்து, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைவதால் அப்படி நேரலாம் என்றாலும், இதயப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. சிரித்து ஓய்ந்த பிறகும் இருமலும் இளைப்பும் தொடர்ந்தால் ஆஸ்துமா உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையெனில், சிரிப்பு பொங்கும்போது உட்கார்ந்துகொள்வதே போதும். மாடிப்படியில் நிற்கும்போது மட்டும் கைப்பிடியைப் பற்றிக்கொள்ளுங்கள்.