வணிக மண்டலத்தில் அலுவலகம் கட்டினால் செட்பேக் குறையுமா?

கேள்வி: சென்னையில் 100 அடிச் சாலையைப் பார்த்து எனக்கு ஒரு மனை இருக்கிறது. அகலம் 70 அடி, ஆழம் 240 அடி, மொத்தம் 7 கிரவுண்டு. வணிக மண்டலத்தில் வருகிறது. அப்பா சொத்தைப் பாகம் பிரித்தபோது பக்கத்தில் உள்ள 70 அடி தம்பிக்குப் போனது. அலுவலகம் கட்டி வாடகைக்கு விட நினைக்கிறேன். "கமர்ஷியல் ஜோன்தானே, செட்பேக் அதிகம் வேண்டாம், தாராளமா ஏழெட்டு மாடி போகலாம்" என்கிறார் பில்டர். நம்பலாமா?

பதில்: ஜோனைப் பற்றி அவர் சொன்னது தவறு. மாடிகளைப் பற்றிச் சொன்னதற்கு விதியில் இடம் உண்டு, ஆனால் உங்கள் மனையில் கணக்கு உதைக்கிறது.

சென்னையில் அலுவலகங்களுக்கென்று தனி மண்டலம் கிடையாது. மாஸ்டர் பிளானில் உள்ள மண்டலம், அந்த இடத்தில் என்ன கட்டலாம் என்பதைச் சொல்லும். கட்டடத்தைச் சுற்றி எவ்வளவு இடம் காலியாக விட வேண்டும், அதாவது செட்பேக் எவ்வளவு என்பது 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இருக்கிறது. அதில் முக்கியமாகப் பார்ப்பது சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம். ஜார்ஜ் டவுன் மாதிரி வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் பழைய தொடர் கட்டடப் பகுதிகளில் பக்கவாட்டில் இடம் விடத் தேவையில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் "கமர்ஷியல்னா ஒட்டிக் கட்டலாம்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் மனை அந்த வகையில் வராது.

உயரத்தில் 18.30 மீட்டர்தான் கோடு. அதுவரை சாதாரணக் கட்டடம், அதற்கு மேல் போனால் ஹை-ரைஸ். கோட்டுக்குக் கீழே நின்றால் முன்பக்கச் செட்பேக்கைச் சாலை அகலம் தீர்மானிக்கும். சாலை 30.5 மீட்டரைத் தாண்டினால் 6 மீட்டர், தாண்டாவிட்டால் உங்களுக்கு 4.5 மீட்டர். 100 அடி என்பது 30.48 மீட்டர், அதாவது 2 சென்டிமீட்டரில் தப்பிக்கிறீர்கள்! ஆனால் பெயர்ப் பலகையில் "100 அடி ரோடு" என்று எழுதியிருப்பதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் மனை வாசலில் சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். சாலை விரிவாக்கத்துக்குக் கோடு போட்டிருந்தால், அதற்கு விட்டதுபோக மிச்சம் நிற்கும் எல்லையிலிருந்துதான் செட்பேக் ஆரம்பிக்கும்.

ஹை-ரைஸுக்கு விதி வேறு. 30 மீட்டர் உயரம் வரை நான்கு பக்கமும் 7 மீட்டர் விட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும், அதில் ஒரு பகுதி ஏறினாலும்கூட, சுற்றிலும் இன்னொரு மீட்டர்.

இதை உங்கள் மனையில் வைத்துப் பார்ப்போம். 7 மீட்டர் என்பது சுமார் 23 அடி. இரண்டு பக்கமும் விட்டால் 70 அடியில் மிஞ்சுவது 24 அடி. முன்னும் பின்னும் விட்டால் ஆழம் 194 அடி. ஒரு மாடிக்கு ஏறக்குறைய 4,650 சதுர அடி. மாடிக்கு 3.6 மீட்டர் வைத்தால் 30 மீட்டருக்குள் ஸ்டில்ட் (வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளம்) போக ஏழு மாடி வரும். மொத்தம் 32,600 சதுர அடி சொச்சம்.

18.30 மீட்டருக்குள் நின்றாலே எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2.0 கிடைக்கும். 7 கிரவுண்டுக்கு அது 33,600 சதுர அடி. பக்கவாட்டில் விட வேண்டியதும் 7 மீட்டரைவிட நன்றாகக் குறைவு. ஸ்டில்ட்டும் நாலு மாடியுமாக அந்த அளவைக் கட்டிவிடலாம். ஏழு மாடியில் வருவதைவிட நாலு மாடியில் ஆயிரம் சதுர அடி கூடுதல்! ஹை-ரைஸுக்கு எஃப்எஸ்ஐ 3.25 வரை உண்டு என்று பில்டர் சொல்வார். உண்மைதான், ஆனால் அதைக் கட்டி முடிக்க உங்கள் மனையில் அகலம் இல்லை. 36 மீட்டருக்குப் போனால் செட்பேக் 8 மீட்டராகும், கட்டடம் பதினேழரை அடியாகச் சுருங்கும். அதில் லிஃப்ட், இரண்டு படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் போக மிஞ்சும் இடத்தை எந்தக் கம்பெனி வாடகைக்கு எடுக்கும்? தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல்துறை என்று தடையின்மைச் சான்றுகளுக்கு அலைவது தனி.

செட்பேக் காகிதத்தில் இருந்தால் போதாது. நான் பார்த்த ஒரு அலுவலகக் கட்டடத்தில் பக்கவாட்டு இடத்தைச் சரியாக விட்டிருந்தார்கள். அப்புறம் அதிலேயே ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள், பக்கத்தில் பைக்குகளுக்குத் தகரக் கொட்டகை. ஆய்வுக்கு வந்தவர் டேப்பைக்கூட எடுக்கவில்லை. "இது வழியா வண்டி எப்படிங்க வரும்?" என்று மட்டும் கேட்டார். நிறைவுச் சான்று அங்கேயே நின்றது. அது இல்லாமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது என்பதால், குடிவர இருந்தவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். அதனால் ஜெனரேட்டருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் வரைபடத்திலேயே இடம் காட்டச் சொல்லுங்கள்.

ஹை-ரைஸ்தான் வேண்டும் என்றால் தம்பியிடம் பேசுங்கள். இரண்டு மனையும் சேர்ந்தால் அகலம் 140 அடி. செட்பேக் போக 94 அடி நிற்கும். மாடிக்கு 18,200 சதுர அடி, ஆறே மாடியில் 3.25-ஐத் தொட்டுவிடலாம். ஒரே சிக்கல், 14 கிரவுண்டு என்பது 3,121 சதுர மீட்டர். 3,000-ஐத் தாண்டியதும் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடு வந்துவிடும். உங்கள் அளவுக்கு நிலமாகவும் கொடுக்கலாம், வழிகாட்டி மதிப்பில் பணமாகவும் கட்டலாம். அந்தத் தொகையையும் யார் பங்கில் எவ்வளவு என்று எழுதிவைத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போங்கள்.