எரிபொருள் பம்பை எட்டுவதற்கு ஜீப்பின் தளத்தை வெட்டலாமா?

திருகோணமலையில், நிலாவெளி மணலில் ஓடும் பெற்றோல் ஜீப்பின் எரிபொருள் தாங்கிக்குள் இருக்கும் பம்பை, தாங்கியை இறக்காமல் பின்தளத் தகட்டை வெட்டி மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டலாம், ஆனால் முதலில் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள், ஏனெனில் லாண்ட் ரோவர் டிஸ்கவரி 2 போன்ற சில வாகனங்களில் அந்த இடத்தில் தொழிற்சாலையே ஒரு மூடி வைத்திருக்கிறது.

இல்லையெனில், கீழிருந்து பம்பின் இடத்தை அளந்து, எரிபொருட் குழாய்களும் வயர்களும் தளத்தை எவ்வளவு ஒட்டிச் செல்கின்றன என்று உறுதிசெய்த பின்னரே குறியிட வேண்டும். தாங்கி வாகனத்தில் இருக்கும்போது தகடு வெட்டும் கிரைண்டரைத் தொடவே வேண்டாம்: பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும், அதற்கு ஒரு தீப்பொறி போதும். பற்றரியின் எதிர் (−) முனையைக் கழற்றிவிட்டு, கையால் சுற்றும் துளைகருவியில் தொடங்கி, தகரக் கத்தரியால் மெதுவாக வெட்டுவதே என் தெரிவு; கை நோகும்தான். கிரைண்டர்தான் வேண்டுமென்றால் இம்முறை தாங்கியை இறக்கிவிட்டு வெட்டுங்கள், அடுத்த முறைக்காவது அந்தத் திறப்பு உதவும்.

வெட்டிய விளிம்பைக் கடற்காற்று விரைவில் அரித்துவிடும் என்பதால், அதைத் தேய்த்துத் துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, துளையைவிடப் பெரிய தகட்டைப் பெற்றோலைத் தாங்கும் றப்பர் பட்டியுடன் திருகி இறுக்குங்கள். இடைவெளி இருந்தால் பெற்றோல் ஆவியோடு புகைக்குழாயின் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டும் உள்ளே வரும்.