மார்பகச் சீரமைப்பு: ஒரே அறுவையா, இரண்டா?

கேள்வி: புற்றுநோய்க்காக என் அக்காவின் இடது மார்பகத்தை அடுத்த மாதம் அகற்றவிருக்கிறார்கள். அப்போதே சிலிகோன் பை வைத்துவிடலாமா, அல்லது முதலில் விரிப்பான் வைத்துப் பிறகு மாற்றுவது நல்லதா? — வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்.

பதில்: அம்மா, இதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை மிஞ்சும் தோலும் கதிர்வீச்சும்தான். நல்ல இரத்த ஓட்டத்துடன் போதிய தோல் மிஞ்சினால் ஒரே அறுவையில் முடித்துவிடலாம். ஐயமிருந்தால், அல்லது அக்காவுக்குச் சர்க்கரை நோய் கட்டுப்படாமல் இருந்தால், காற்றிறங்கிய பலூன் போன்ற விரிப்பானை வைத்து, தோலடியிலுள்ள சிறு வால்வில் ஊசி குத்தி, சில வாரங்களுக்குச் சிறிது சிறிதாக உப்புநீர் ஏற்றி, தோல் விரிந்த பின் இரண்டாம் அறுவையில் நிலையான பையை வைப்பார்கள். நீர் ஏற்றிய ஓரிரு நாள் மார்பு இறுகி வலிக்கும். கதிர்வீச்சு உண்டென்றால், பையைச் சுற்றி உருவாகும் தழும்புறை கெட்டிப்படும் வாய்ப்பு கூடுவதால், வயிற்றுத் திசுவைக் கொண்டு சீரமைப்பதைப் பற்றியும் கேட்கச் சொல்வேன்.

சிலிகோன் தொடுவதற்கு இயல்பாக இருக்கும், ஆனால் கசிந்தால் வெளியே தெரியாது. உப்புநீர்ப் பை கசிந்தால் சுருங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். சொரசொரப்பான பைகளோடு அரிய நிணநீர்ப் புற்று ஒன்று தொடர்புபடுவதால் வழுவழுப்பானதையே கேளுங்கள். எந்தப் பையும் ஆயுள் முழுவதும் நிற்பதில்லை. ஆகவே மெடிக்கல் எய்ட் (உங்கள் மருத்துவச் செலவுத் திட்டம்) பிந்தைய அறுவைக்கும் பணம் தருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.