நாரி நோ: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

நாரி நோ, அதாவது கீழ் முதுகு வலி பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. நான் கொழும்பில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன், வைத்தியர் அல்ல, அதனால் மாத்திரைப் பெயர் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

வெள்ளவத்தை, வயது 34: கணினி வேலை. இடது பக்கம் நாரியிலிருந்து கால் பெருவிரல் வரைக்கும் கரண்ட் அடிக்கிற மாதிரி வலி. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் நாலாவது, ஐந்தாவது நாரி எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஒபரேஷன் செய்யாவிட்டால் நடக்க முடியாமல் போகுமா?

தங்கச்சி, அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். முள்ளந்தண்டில் கழுத்துக்கு 7 எலும்பு, நெஞ்சுப் பகுதிக்கு 12, நாரிக்கு 5, அதற்குக் கீழே ஒன்றாக ஒட்டிப்போன திரிகமும் (இடுப்பின் பின்புற எலும்பு) வால் எலும்பும். கழுத்தின் இரண்டாவது எலும்புக்குக் கீழே ஒவ்வொரு எலும்புக்கும் நடுவில் ஒரு டிஸ்க் என்று மொத்தம் 23. டிஸ்க்கின் வெளிப்புறம் வளையம் வளையமாக நார், உள்ளே நீர்ப்பிடிப்பான கூழ். உடல் பாரமும் குனிந்து நிமிர்கிற வேலையும் நாரியின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் அதிகம் விழுகிறது, அதனால் பிதுக்கமும் பெரும்பாலும் அங்கேதான். வெளியே வந்த கூழ் நரம்பு வேரை அழுத்தும், சுற்றிலும் அழற்சியையும் கிளப்பும், அப்போதுதான் வலி காலுக்கு இறங்குகிறது. பெருவிரல் வரை போவதென்றால் அது ஐந்தாவது நாரி நரம்பு, அதாவது உங்கள் அறிக்கையும் உங்கள் காலும் ஒரே கதையைச் சொல்கின்றன.

எல்லோருக்கும் அப்படிப் பொருந்துவதில்லை. வலியே இல்லாத 3110 பேரின் ஸ்கான்களைத் தொகுத்து 2015ல் வெளியான ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதமானோருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, 80 வயதில் அது 96 சதவீதம். எனவே அறிக்கையில் 'தேய்மானம்' என்ற சொல்லைப் பார்த்ததுமே வாழ்க்கை முடிந்தது என்று யாரும் அழ வேண்டாம், அந்தத் தாளை விடவும் உங்கள் காலில் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

வெளியே வந்த கூழைப் பல பேருக்கு உடலே மெல்ல மெல்ல உறிஞ்சிவிடுகிறது. பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரங்களில் கால் வலி நன்றாகக் குறையும். அதற்குள் குதிக்காலில் நடந்து பாருங்கள். முன்பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினால் காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியரிடம் போங்கள். பலம் குறைந்துகொண்டே போனாலோ, வாரக்கணக்கில் பார்த்தும் வலி தாங்க முடியாமல் இருந்தாலோ ஒபரேஷன் பற்றிப் பேசலாம்.

கொட்டாஞ்சேனை: எந்த முதுகு வலிக்கு உண்மையிலேயே பயப்பட வேண்டும்?

இதைக் கேட்டது மிக நல்லது. முண்ணாண், அதாவது மூளையிலிருந்து முள்ளந்தண்டுக்குள் இறங்கும் நரம்புத் தண்டு, நாரியின் முதல், இரண்டாவது எலும்புகளின் மட்டத்தோடு முடிந்துவிடும், அதற்குக் கீழே நரம்புகள் ஒரு கற்றையாக இறங்குகின்றன. பெரிய பிதுக்கம் அந்தக் கற்றையை நெரித்தால் சைக்கிள் சீற்றில் படுகிற இடம் மரத்துப்போகும், சிறுநீர் வராது அல்லது தெரியாமலே போகும், இரண்டு கால்களும் தளரும். இது நடந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை, 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து அன்றைக்கே பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டும், ஏனென்றால் தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாத மெலிவு, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வலி, படுத்தாலும் குறையாத இரவு வலி, இவற்றையும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. முள்ளந்தண்டில் காசநோயும் வரும் என்பது பலருக்குத் தெரியாது.

புறக்கோட்டை: மூட்டை தூக்கும்போது தம்பிக்கு நாரி பிடித்துவிட்டது, நிமிர முடியவில்லை. ஒரு வாரம் படுத்தே இருக்கச் சொல்கிறார்கள். சித்தாலேப பூசலாமா?

பூசட்டும், சூட்டு ஒத்தடமும் கொடுங்கள், ஆனால் ஒரு வாரம் படுக்க விடாதீர்கள். வலி கடுமையாக இருந்தால் ஒன்றிரண்டு நாள் அதிகமாகப் படுக்கலாம், அதற்குப் பிறகு வலியோடேயே மெதுவாக வீட்டுக்குள் நடக்க வேண்டும். இப்படிப் பிடிப்பது அனேகமாகத் தசையோ, எலும்புகளுக்குப் பின்னால் இருக்கும் சின்ன மூட்டுகளோ செய்கிற வேலை. எது என்று துல்லியமாகக் காட்ட முடியாது, காட்டாமலேயே சில வாரங்களில் ஆறிவிடும். அசைவு ஏன் வேண்டும் என்றால், வளர்ந்தவர்களின் டிஸ்க்குக்கு உள்ளே இரத்தக் குழாய் கிடையாது, பஞ்சு நீரை விட்டு விட்டு உறிஞ்சுவது மாதிரி பாரம் ஏறி இறங்கும்போதுதான் அதற்குச் சத்துப் போகிறது. தம்பி வேலைக்குத் திரும்பும்போது மூட்டையை வயிற்றோடு ஒட்டித் தூக்கட்டும். கை நீண்டு போகப் போக நாரியில் விழும் பாரம் பல மடங்காகும், தூக்கியபடியே இடுப்பைத் திருப்புவது இன்னும் மோசம்.

தெஹிவளை, வயது 69: காலிமுகத்திடலில் நடக்கப் போனால் கொஞ்ச தூரத்தில் இரண்டு காலும் கனத்து மரத்துவிடுகிறது. உட்கார்ந்தால் சரி. இரத்த ஓட்டமா, முதுகா?

ஐயா, நீங்கள் 'உட்கார்ந்தால்' என்று எழுதியதுதான் துப்பு. சும்மா நின்றாலே குறைந்தால் கால் இரத்தக் குழாயைச் சந்தேகிக்கலாம். உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் குறைகிறது என்றால், நாரியில் நரம்பு போகும் கால்வாய் ஒடுங்கியிருக்கலாம், குனியும்போது அது சற்று விரியும். சுப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் சாய்ந்து நடக்கும்போது வலி வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் என் ஊகம் பலமாகிறது. ஆனாலும் பாதத்து நாடித் துடிப்பை வைத்தியர் ஒருமுறை பார்க்கட்டும், இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் உண்டு.

பம்பலப்பிட்டி, வயது 26: காலையில் ஒரு மணித்தியாலம் முதுகு மரக்கட்டை. நடமாடினால் இளகுகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது. ஒரு வருடமாகிறது.

தம்பி, இதைக் கதிரையின் குற்றம் என்று விட்டுவிடாதீர்கள். இளம் வயது, மெல்லத் தொடங்கியது, ஓய்வில் கூடுவது எல்லாம் சேர்ந்தால் முள்ளந்தண்டு மூட்டு அழற்சியாக இருக்கலாம். வாத நோய் நிபுணரைப் பாருங்கள். இந்த அழற்சி கண்ணிலும் வரலாம் என்பதால் கண் சிவந்து வலித்தது உண்டா என்று கேட்பார், யோசித்து வையுங்கள்.

பலர்: மெத்தையா, பாயா? பெல்ட் கட்டலாமா?

மிகக் கடினமான மெத்தைதான் நல்லது என்பது சரியில்லை. ஸ்பெயினில் 313 பேரை வைத்துச் செய்து 2003ல் வெளியான ஆய்வில் நடுத்தர உறுதி உள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. பாயில் நன்றாகத் தூங்குகிறவர் பாயிலேயே தூங்கட்டும். பெல்ட்டைச் சில நாள் துணைக்குக் கட்டலாம், மாதக்கணக்கில் வேண்டாம்.

மட்டக்குளி: அம்மாவுக்கு 71. வாளித் தண்ணீர் தூக்கியதிலிருந்து நடு முதுகில் குத்துகிறது, கொஞ்சம் கூனும் விழுந்த மாதிரி. எண்ணெய் போட்டு உருவலாமா?

வேண்டாம். எலும்பு மெலிந்த வயதில் வாளி தூக்கினாலே முள்ளெலும்பு நசுங்கி உடையக்கூடும். நாளைக்கே எக்ஸ்ரே எடுங்கள், நசுங்கியிருந்தால் எலும்பு மெலிவுக்குத் தனியாக மருந்து தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த எலும்பும் போகும். எக்ஸ்ரே பார்க்கும்வரை அந்த முதுகை யாரும் அழுத்தி உருவ விடாதீர்கள்.