மேட்டில் திணறும் ஏ.டி.வி.

கேள்வி: கார்புரேட்டர் வைத்த 250 சிசி ஏ.டி.வி. (கரடுமுரடான பாதைக்கான நான்கு சக்கர வண்டி) நன்றாக ஸ்டார்ட் ஆகிறது. 15 நிமிடம் ஓட்டியதும் மேட்டில் இழுவை போய்விடுகிறது. சற்று நிறுத்தினால் மறுபடி ஓடுகிறது. ஏன்?

பதில்: முதல் சந்தேகம் பெட்ரோல் டேங்க் மூடியின் காற்றுத் துளை மீதுதான். அதில் சேறு அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் சரியாக இறங்காது. இழுவை விழுந்ததும் இன்ஜினை அணைத்து மூடியைத் திறங்கள். 'புஸ்'ஸென்று காற்று உள்ளே போனால் குற்றவாளி அதுவே. துளையை ஊதிச் சுத்தம் செய்தால் போதும்.

இல்லையென்றால், இன்ஜின் ஆறியபின் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் வடிகால் ஸ்க்ரூவைத் தளர்த்தி, பெட்ரோலை ஒரு டப்பாவில் பிடியுங்கள். தாரையாக வந்து சொட்டாகச் சுருங்கினால் காக்கின் (டேங்கின் அடியிலுள்ள பெட்ரோல் குழாய்த் திருகின்) வலையில் அழுக்கு இருக்கலாம். (இன்ஜினின் உறிஞ்சலால் திறக்கும் வேக்யூம் காக் என்றால் இன்ஜினைச் சுழற்றினால்தான் ஒழுகும்.) ஸ்பாஞ்ச் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இன்ஜின் உறுமியும் வேகம் ஏறாவிட்டால் இதெல்லாம் வீண்வேலை. சிவிடி (பெல்ட்டால் இயங்கும் தானியங்கி கியர்) வண்டியானால் அதன் பெல்ட் வழுக்கக்கூடும்.