புல்வெளிச் சில்வண்டு: வாசகர் கேள்விகள்

கே: கன்சாஸில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பகலெல்லாம் புல்வெளியிலிருந்து ஒரே இரைச்சல். நம்ம ஊர் சுவர்க்கோழியா?

ப: இல்லைம்மா. சுவர்க்கோழி இறக்கையோடு இறக்கை உரசிக் கத்தும், அதுவும் பெரும்பாலும் ராத்திரியில். நீங்கள் கேட்பது சில்வண்டு. ஜூலை, ஆகஸ்டு வெயில், மரமில்லாத, புல் உயரமாக வளரும் உயர்புல்வெளி என்றால் அநேகமாக மெகாடிபிசென் டோர்சேட்டஸ்தான். 1825இல் அமெரிக்கப் பூச்சியியலாளர் தாமஸ் சே அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்திய இனம். சத்தம் வரும் காட்டுச் சூரியகாந்திப் பக்கம் மெல்ல நடந்து போய்ப் பாருங்கள், தண்டைக் கட்டிப்பிடித்தபடி கறுப்பும் துருநிறமுமாக, முதுகில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகளோடு தடியாக ஒன்று உட்கார்ந்திருக்கும். கத்துவது ஆண் மட்டும். வயிறு தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் இருக்கும் விறைத்த சவ்வைத் தசை இழுத்து இழுத்து விடச் சத்தம் பிறக்கிறது, உள்ளே காலியாகக் கிடக்கும் வயிறு குடம் போல அதைப் பெருக்குகிறது.

கே: 17 வருஷத்துக்கு ஒருமுறை வருவது இதுதானா?

ப: அது வேறு, சிவப்புக் கண், மரங்களை நம்பி வாழ்வது. இது வருஷா வருஷம் வரும். ஆனால் ஒவ்வொரு பூச்சியும் மண்ணுக்குள் சில வருஷம் இருந்துவிட்டுத்தான் வருகிறது.

கே: கடிக்குமா? மருந்து அடிக்கலாமா?

ப: கடிக்காது, கொட்டாது. மருந்து வேண்டாம், தயவுசெய்து.

கே: வசந்தத்தில் புல்வெளிக்குத் தீ வைக்கிறார்களே, எல்லாம் செத்துப்போகாதா?

ப: நல்ல கேள்வி. தீ மேலாக ஓடிவிடும், இளம்பூச்சிகள் கீழே வேர்ச்சாறு உறிஞ்சிக்கொண்டு பத்திரமாக இருக்கும். தீயே வைக்காமல் விட்டால்தான் ஜூனிப்பர் மரங்கள் ஏறிவந்து புல்லை மூடிவிடும். இந்தப் பூச்சிக்கு எமன் ஏர்தான். ஒரே உழவில் வேரும் போச்சு, வருஷக்கணக்காக அதை நம்பியிருந்த பூச்சியும் போச்சு. அமெரிக்காவின் பழைய உயர்புல்வெளியில் இன்று 4 சதவீதம்கூட மிச்சமில்லை. மிஞ்சியதில் பெரும்பகுதி கன்சாஸின் ஃபிளின்ட் மலைப்பகுதியில் இருக்கிறது. காரணம் வேறொன்றுமில்லை, அங்கே மேல்மண் மெல்லிசு, அடியில் சுண்ணாம்புப் பாறையும் சக்கிமுக்கிக் கல்லும், கலப்பை இறங்கவில்லை. கல் காப்பாற்றிய பூச்சி என்றே இதைச் சொல்வேன்.

கே: எங்கே போனால் பார்க்கலாம்?

ப: ஸ்ட்ராங் சிட்டி பக்கத்தில் 1996இல் அமைத்த உயர்புல்வெளி தேசியப் பாதுகாப்பகத்துக்குப் போங்கள். காலையிலேயே போனால், முதுகு பிளந்த பழுப்புக் கூடு புல்தண்டில் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். கால் நகம்கூட அப்படியே இருக்கும். எடுக்காதீர்கள், குனிந்து பாருங்கள்.